ஃபியூஸ் போகவில்லை என்னும் ஆறுதல்

பழைய கார்களை மின்வேலைக்காக எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "ஃபியூஸ் ஒண்ணும் போகலையே." ஃபியூஸ் போகாதவரை பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்பது அதன் உட்பொருள். ஒருமுறையேனும் தண்ணீர் புகுந்த பழைய காரைப் பொறுத்தவரை, இதைவிட மனிதனை ஏமாற்றும் நம்பிக்கை வேறில்லை என்பது எங்கள் துணிபு. குடும்பத்தோடு இரவுப் பயணம் போகிற எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஃபியூஸ் என்பது மிகுதியான மின்னோட்டத்திற்கு மட்டுமே காவல். 16 ஆம்பியர் ஃபியூஸ் அந்த அளவைக் கணிசமாகத் தாண்டினால் உருகும். தாண்டாதவரை அது எதையும் கவனிப்பதில்லை. இப்போது ஓர் இணைப்பில் களிம்பு ஏறி, அங்கே 0.1 ஓம் அளவுக்குத் தடை உண்டாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால் அவ்விடத்தில் 1 வோல்ட் வீணாகும்; 10 வாட் வெப்பம் பிறக்கும். 10 வாட் தானே என்று தோன்றலாம். நாங்கள் ஈயம் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் இரும்பு 25 வாட். அதன் வெப்பத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, பட்டாணி அளவுள்ள ஒரு பித்தளைக் கவ்வியில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. ஃபியூஸின் கணக்கிலோ ஓடுவது 10 ஆம்பியர்தான். பிளாஸ்டிக் இளகி, கவ்விகள் சரிந்து, ஒன்றையொன்று தொட்ட பிறகே அது உருகும். அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

ரிலே என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காக இரண்டு வரி. முகப்பு விளக்கு, எரிபொருள் பம்பு, ஊதுவிசிறி போன்றவை அதிக மின்சாரம் இழுப்பவை. அவ்வளவையும் ஸ்டியரிங் அருகிலுள்ள மெல்லிய சுவிட்சின் வழியே செலுத்தினால் சுவிட்ச் கருகிவிடும். ஆகவே சுவிட்ச், ரிலேயினுள் இருக்கும் கம்பிச்சுருளுக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் தருகிறது. சுருள் காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கிறது. அத்தகடு பெரிய மின்சாரத்திற்கு வழி திறக்கிறது. ரிலேயின் அடியில் பொறித்திருக்கும் எண்கள் டிஐஎன் 72552 என்னும் ஜெர்மானியத் தரத்தைச் சேர்ந்தவை. 30 என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரம். 15 என்றால் சாவி திருகிய பின் வருவது. 31 தரை. 85, 86 சுருளின் இரு முனைகள். 87 வெளியே செல்லும் வழி. இந்த 30 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது பின்னால் வரும்.

ஐரோப்பியக் கார்களில் இந்த ரிலேக்களையும் ஃபியூஸ்களையும் ஒரே பலகையில் அல்லது பெட்டியில் திரட்டி வைப்பது வழக்கமாயிற்று. கோளாறு பார்ப்பதற்கு எளிது. ஆனால் அந்த ஓரிடத்தில் ஈரம் புகுந்தால் விளக்கு, துடைப்பான், பம்பு, விசிறி எல்லாம் சேர்ந்து நோயுறும்.

எங்கள் பட்டறை மேலப்பாளையத்தில் இருக்கிறது. சகோதரர்கள் இருவரும் மருமகன் ஒருவனுமாக நடத்துகிறோம். வாப்பா காலத்தில் டைனமோவுக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் கம்பி சுற்றிய இடம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் எங்கள் பகுதியில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் ஒன்று பயணிகளோடு நின்றுபோனது. அதன் பிறகு பல மாதங்கள் எங்களுக்கு வந்தவை பெரும்பாலும் மூழ்கிய வண்டிகளே. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கே சொல்கிறோம்.

அது மெர்சிடிஸ்-பென்ஸ் டபிள்யூ 124 வரிசையைச் சேர்ந்த 230இ, 1988-ஆம் ஆண்டு வண்டி. காயல்பட்டினத்து மர்ஹூம் ஒருவர் ஹாங்காங்கில் இரத்தினக்கல் வணிகம் செய்துவிட்டு ஊர் திரும்பியபோது, சுங்கம் செலுத்திக் கப்பலில் கொண்டுவந்தது. அவர் 2019-இல் காலமானார். அதன் பிறகு கார், தெருவைவிடத் தாழ்ந்த ஒரு கொட்டிலில் பெரும்பாலும் நின்றபடியே இருந்தது. வெள்ளம் பானெட்டின் விளிம்பு வரை ஏறி, நான்கு நாள் தங்கிற்று. வீட்டாருக்கு அந்நாள்களில் மாடியில் உயிரோடு இருப்பதே பெரிய காரியம். பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கேடு அங்கேதான் பிறந்தது. மின்சாரம் இல்லாத பித்தளை தண்ணீரில் கிடந்தால் மெதுவாகவே கெடும். மின்சாரம் இருக்கும் பித்தளை தண்ணீரில் கிடந்தால் மின்முலாம் பூசும் தொட்டியில் நடப்பதே அங்கும் நடக்கிறது: நேர்மின் பக்கத்து உலோகம் கரைந்து நீரில் இறங்குகிறது. பேட்டரியோடு எப்போதும் இணைந்திருக்கும் 30-ஆம் எண் முனைகள்தாம் முதலில் அரிபடும். பக்கத்திலேயே இருக்கும் தரை முனை ஏறத்தாழ புத்தம் புதிதாக இருக்கும். மூழ்கிய கார் எதைத் திறந்தாலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். ஆகவே, வெள்ளம் வரும் என்று தெரிந்தால் செய்ய வேண்டிய முதல் வேலை பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைப்பது. ஒரு ஸ்பேனர் போதும், இரண்டு நிமிடம் போதும். வெள்ளம் வடிந்த பிறகு "ஓடுதான்னு பார்ப்போம்" என்று சாவியைத் திருகுவது, எஞ்சியதையும் கெடுத்துக்கொள்ளும் வழி.

காயல்பட்டினத்திற்கு இன்னொரு குறையும் உண்டு. கடற்கரை ஊர். முப்பதாண்டுக் கடற்காற்றில் வந்த உப்பு, பெட்டியின் இண்டு இடுக்குகளில் முன்பே படிந்திருந்தது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்து, வெயில் அடித்து, பார்ப்பதற்கு எல்லாம் காய்ந்துவிட்ட பின்னும் அரிப்பு நிற்பதில்லை. இரவுதோறும் அது மீண்டும் ஈரமாகித் தன் வேலையைத் தொடரும்.

வண்டி எங்களிடம் வருமுன்பே வேறோர் இடத்தில் ஒருமுறை பார்க்கப்பட்டிருந்தது. என்ஜின் வேலை குறைசொல்ல முடியாதபடி நடந்திருந்தது. எண்ணெய் மாற்றி, எரிபொருள் தொட்டியைக் கழுவி, முறையாகச் செய்திருந்தார்கள். மின்பெட்டியில்தான் நீர்விரட்டும் எண்ணெயைத் தெளித்துப் பளபளப்பாக்கி மூடியிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் கடையில் வாங்கியது போல் மின்னியது. இந்தக் காரில் இருப்பவை பழைய பாணி ஃபியூஸ்கள்: பீங்கான் உடலின் மேல் ஓர் உலோகப் பட்டை, இரு முனையும் கூம்பு, இரண்டு சுருள்விசைக் கவ்விகளுக்கு இடையில் அமர்ந்திருக்கும். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. வெள்ளை இருக்க வேண்டிய ஓர் இடத்தில் நீலம் அமர்ந்திருந்தது. 8 ஆம்பியர் போய்க்கொண்டே இருந்ததால் 25 போட்டிருக்கிறார்கள். காவலர் அடிக்கடி விசில் ஊதுகிறார் என்று காது கேளாத ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தியது போன்ற வேலை. மெல்லிய கம்பிக்கு 25 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால் முதலில் எரிவது கம்பியாகவே இருக்கும்.

மர்ஹூமின் மூத்த மகள்தான் வண்டியை அனுப்பியவர். நாங்கள் அவரை ராத்தா என்றே அழைத்தோம். காரை மதுரைக்காரர் ஒருவர் வாங்க இசைந்து முன்பணமும் கொடுத்திருந்தார். விற்ற தொகை நான்கு பிள்ளைகளுக்கும் வாரிசுப் பங்காகப் பிரிய வேண்டும். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஏபிஎஸ் விளக்கு மட்டும் அவ்வப்போது எரிகிறது, நின்றபடி ஓடும்போது என்ஜின் ஏறி இறங்குகிறது, அதை மட்டும் சரிசெய்து தந்தால் போதும் என்பது அவர் கோரிக்கை.

இந்த இரு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால், இவ்வகைக் காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதிமின்னழுத்தத் தடுப்பு ரிலே. ஏபிஎஸ் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் எரிபொருள் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் அதன் வழியாகவே போகிறது. தலையில் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சுமந்து, சிவப்பு மூடியோடு இருக்கும் சிறு பெட்டி. அதைத் திறந்து பார்த்தோம். உள்ளே சிறிய அச்சுச்சுற்றுப் பலகை. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, தடித்த முனைகளைச் சுற்றி ஈயப்பற்றில் மயிரிழை போன்ற வளையக் கீறல்கள். முப்பதாண்டு காலம் சூடாகியும் குளிர்ந்தும் வந்ததால் ஏற்படுபவை அவை. வெள்ளம் வராவிட்டாலும் ஒருநாள் வந்திருக்கும். எரிபொருள் பம்பு ரிலேயிலும் அதே கதை. பழைய ஈயத்தை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டு, அறுபதுக்கு நாற்பது வெள்ளீயம் காரீயம் கலந்த புதிய பற்று வைத்தோம். பழையதன் மேலேயே புதிதைத் தடவுகிறவர்கள் உண்டு. கீறல் உள்ளே அப்படியே இருக்கும்.

அத்தோடு வேலை முடிந்துவிட்டது என்றும் சொல்லலாம். ஏபிஎஸ் விளக்கு அணைந்தது. என்ஜின் அமைதியாக ஓடிற்று. கேட்டது இவ்வளவுதான். ஆனால் அந்த நீல ஃபியூஸ் எங்கள் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. பெட்டியை அடியோடு கழற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

கழற்றும் முன் ஒவ்வொரு கம்பியையும் புகைப்படம் எடுத்து, துணிநாடாவில் எண் எழுதிக் கட்டினோம். நிறத்தை நம்பக் கூடாது; முப்பதாண்டில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகிவிடுகின்றன. எண்ணெயைத் துடைத்தெடுத்ததும் உண்மை நிறங்கள் வெளிப்பட்டன. பச்சை என்பது செம்பின் களிம்பு, நீங்கும். வெண்பொடி என்பது பெரும்பாலும் அலுமினியப் பட்டையுள்ள ஃபியூஸின் கழிவு. அதுவும் நீங்கும், ஆனால் அந்த ஃபியூஸைத் தூக்கி எறிந்துவிட்டுச் செம்புப் பட்டை உள்ளதைப் போட வேண்டும். கறுப்பு என்பது முன்பே சூடான இடம். நாங்கள் அஞ்சுவது இளஞ்சிவப்பை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புநீர் சில சமயம் துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துப் போய்விடும். மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. வடிவம் அப்படியே இருக்கும், விசை இருக்காது. இரண்டு கவ்விகளில் அந்த நிறம் தென்பட்டது.

தூய்மை செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஆர்வமுள்ள இளைஞர்கள் பலர் வீட்டிலேயே முயல்கிறார்கள், நல்லதுதான். முதலில் தண்ணீர். தண்ணீரால் கெட்டதைத் தண்ணீரால் கழுவுவதா என்று திகைக்க வேண்டாம். உப்பு எண்ணெயில் கரையாது, ஆல்கஹாலிலும் சரிவரக் கரையாது. தண்ணீரில் மட்டுமே கரையும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வெதுவெதுப்பாக்கி, மென்மையான பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நீரை மாற்றி மாற்றி நான்கைந்து முறை கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீர் எங்கள் ஊரில் தானே பாதி உப்பு. பிறகு, கழற்ற முடிந்த பித்தளைத் துண்டுகளை மட்டும் வினிகரிலோ எலுமிச்சை உப்பு கரைத்த நீரிலோ சில நிமிடம் ஊறவைத்தால் களிம்பு இளகும். சில நிமிடம் என்றால் சில நிமிடம்தான். இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் மெலிந்த தகட்டோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். எடுத்ததும் ஆப்பச்சோடா கரைத்த நீரில் முக்கி அமிலத்தை முறித்து, மறுபடியும் காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். இறுதியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இடுக்கில் நிற்கும் தண்ணீரை அது தன்னோடு கொண்டுபோகும். அதன் பின் மிதமான சூட்டில் ஒரு நாள் முழுவதும் உலர விட வேண்டும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் அடுப்போ சூடான இரும்போ இருக்கலாகாது.

உப்புத்தாளால் தேய்ப்பதை நாங்கள் அனுமதிப்பதில்லை. பித்தளையின் மேல் மெல்லிய வெள்ளீய முலாம் இருக்கிறது. இரண்டு இழுப்பில் அது போய்விடும், அடுத்த மழைக்காலத்தில் களிம்பு இரட்டிப்பாக ஏறும். பிடிவாதமான புள்ளிகளுக்குக் கண்ணாடி இழைப் பேனா இருக்கிறது. ரிலேயினுள்ளே ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் வெள்ளிக் கலவை. அவற்றின் இடையே ஆல்கஹாலில் நனைத்த கெட்டியான வெள்ளைத்தாளை வைத்து மெல்ல இழுத்தால் கறை தாளில் இறங்கிவிடும். அரம் போட்டால் புள்ளி வடிவம் இழந்து விரைவில் கருகும்.

இவ்வளவும் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் முடிந்தது. பெட்டி கண்ணுக்கு அழகாக இருந்தது. ஆனால் முந்தைய இடத்திலும் அது கண்ணுக்கு அழகாகத்தானே இருந்தது? வேறுபாட்டை மல்டிமீட்டர்தான் சொல்ல வேண்டும். இங்கேயும் ஒரு பொதுவான தவறு நடக்கிறது. கம்பியின் இரு முனையிலும் மீட்டரை வைத்து, ஓம் கணக்கில் பூச்சியம் காட்டினால் இணைப்பு நன்று என்று முடிவு கட்டுகிறார்கள். மீட்டர் செலுத்துவது மிகச் சிறிய மின்சாரம். முப்பது இழையுள்ள கம்பியில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் எஞ்சியிருந்தாலும் அது நன்றென்றே சொல்லும். முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு, இணைப்பின் இரு பக்கத்திலும் எத்தனை வோல்ட் வீணாகிறது என்று அளப்பதே சரியான சோதனை. ஓர் இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் நாங்கள் அதை விடுவதில்லை.

விளக்குகள் அனைத்தையும் எரியவிட்டு, ஊதுவிசிறியை உச்சத்தில் வைத்து, ஒவ்வொரு கவ்வியாக அளந்தோம். பெரும்பாலானவை 0.02, 0.03, 0.05. விசிறியின் கவ்வியில் 0.9. ஓடியது 14 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 12.6 வாட். இருபது நிமிடத்தில் அக்கவ்வியின் அடியிலுள்ள பிளாஸ்டிக்கைத் தொட முடியவில்லை. மெல்லிய கருகல் நாற்றமும் வந்தது. அந்த இளஞ்சிவப்புக் கவ்விகளில் ஒன்றுதான் அது. ஃபியூஸ் போகவில்லை. போகவும் செய்யாது.

ராத்தாவுக்கு அன்றே தொலைபேசியில் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, வண்டிதான் ஓடுதே. வெளக்கும் அணைஞ்சிருச்சுன்னு சொல்றீங்க. வாங்குறவர் அவர் ஊர்ல பார்த்துக்குவாரே" என்றார். குரலில் கோபமில்லை; களைப்பு இருந்தது. வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களை இழந்து, ஈரச் சுவர்களோடு மல்லாடிக்கொண்டிருந்தவர். இன்னும் இரண்டு வாரம், கூடுதல் செலவு, அதற்குள் வாங்குகிறவர் மனம் மாறிவிட்டால் நான்கு பேருக்கும் இழப்பு. அவர் கேட்டது நியாயமில்லாத கேள்வி என்று எங்களால் நினைக்க முடியவில்லை.

"ராத்தா, அவருக்கு மூணு சின்னப் பிள்ளைங்க. விசிறியும் வெளக்கும் ஒண்ணா ஓடுறது ராத்திரிப் பயணத்துலதான். நாங்க பெட்டியை மூடிக் கொடுத்தா, உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் இப்பத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது" என்று எங்கள் மூத்தவர் சொன்னார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அது அவர்கள் வீட்டுச் சொத்து. தெரிந்ததைச் சொல்வது எங்கள் மேலுள்ள அமானிதம், முடிவு அவர்களுடையது. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னோம்: இந்த நிலையில் வண்டியைத் திருப்பித் தந்தால், அளவுகளை ஒரு தாளில் எழுதி அதோடு வைத்தே தருவோம்.

மறுநாள் அஸருக்குப் பிறகு அவரே அழைத்தார். ஹாங்காங்கில் இருக்கும் தம்பியிடமும் மற்ற இருவரிடமும் பேசியிருந்தார். "வாப்பா இருந்திருந்தா மூடிக் கொடுக்க விட மாட்டாங்கன்னு தம்பி சொல்றான். செஞ்சிருங்க. எவ்வளவு ஆகுமோ விலைக்காசுல கழிச்சுக்கிறோம்" என்றார்.

அந்தக் கவ்வி தனியாகக் கடையில் கிடைக்கும் பொருளன்று. சென்னைப் புதுப்பேட்டையில், உடைத்துப் பிரித்த இதே வரிசைக் காரின் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்நாட்டில் நின்ற வண்டி போலும், களிம்பே இல்லை. புதுப்பேட்டை வணிகர்களைப் பற்றி வெளியில் என்ன சொன்னாலும், கைப்பேசியில் படம் அனுப்பி, "எட்டாவது கவ்வி லேசாக் கறுத்திருக்கு, பார்த்துக்குங்க" என்று அவராகவே சொன்ன மனிதர் அவர். பெட்டி முழுவதையும் மாற்றலாமா என்று யோசித்தோம். கம்பிகளைப் புதிதாக வெட்டி ஒட்டினால் குறைகள் பெருகும் என்பதால், கெட்ட இரண்டு கவ்விகளை மட்டும் எடுத்து மாற்றினோம். அவற்றுக்கு வரும் கம்பியின் நுனியும் உள்ளே கறுத்திருந்தது. பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிப் பின்வாங்கி, புதிய முனையை அழுத்திப் பொருத்தினோம். நீல ஃபியூஸ் இருந்த இடத்தில் 8 ஆம்பியர் ஏன் போய்க்கொண்டிருந்தது என்பதும் தெரிந்தது. பின்பக்க விளக்குக்குச் செல்லும் கம்பி, டிக்கி மூடியின் கீலில் உரசித் தோல் உரிந்து தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெள்ளத்திற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அந்த வெள்ளை ஃபியூஸ் தன் கடமையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

மறுபடி அளந்தபோது விசிறிக் கவ்வியில் 0.04 வோல்ட். ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தோம், உள்ளங்கைச் சூடுதான். வெளியிணைப்புகளின் மேல் சிலிக்கான் கிரீஸை மெல்லப் பூசி மூடினோம்.

இரண்டு பக்கத் தாளில் எல்லாவற்றையும் எழுதினோம்: மாற்றியவை, பற்று வைத்தவை, முன்னளவு, பின்னளவு. கம்பளத்தின் அடியில் கதவோரமாக ஓடும் கம்பிக்கற்றையை நாங்கள் பிரிக்கவில்லை, அதிலும் தண்ணீர் நின்றிருக்கும், ஓராண்டுக்குள் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதினோம். மதுரைக்காரர் வந்தார். தாளை நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து ஒருமுறை படித்தார். அந்தக் கற்றையின் பேரில் 60,000 ரூபாய் குறைக்கச் சொன்னார். ராத்தா உடன்பிறந்தோரிடம் கேட்டு ஒப்புக்கொண்டார். எங்கள் கூலியும் போக நால்வருக்கும் வந்த பங்கு, முதலில் எண்ணியதைவிடக் குறைவுதான்.

வண்டியை எடுத்துப் போகும்போது கழற்றிய பழைய கவ்விகளையும் கேட்டு வாங்கி, ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கைப்பெட்டியில் வைத்துக்கொண்டார். இரவு கோவில்பட்டி தாண்டியதும் நிறுத்தி, பானெட்டைத் திறந்து பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்ததாகவும், சூடே இல்லை என்றும் அழைத்துச் சொன்னார். முன்கண்ணாடிக்குக் கீழே நீர் வடியும் துளைகளில் இலை அடைத்திருந்தால் மழைநீர் மின்பெட்டிப் பக்கம் திரும்பும், ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை கம்பி விட்டுக் குத்திப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி வைத்தோம்.